உப்புக்காத்தும் நாலு கம்பியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியானதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. முதல்லயே ஒரு டிஸ்கி. நான் இசைக்கலைஞன் எல்லாம் கிடையாது. பகல்ல ஓ.எம்.ஆர்-ல பொட்டி தட்டுறவன். ராத்திரி எட்டு மணிக்கு மேல திருவான்மியூர் ஹவுசிங் போர்டு வீட்டுல, பக்கத்து வீட்டு மாமி சீரியலுக்கு இடைஞ்சல் இல்லாம, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பேஸ் கிடார் தட்டுறவன். அவ்வளவுதான் நம்ம தகுதி. அதனால சபையில இருக்கிற ஜாம்பவான்கள் பொறுத்தருளணும் :-)

பேஸ் கிடார்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: சாதா கிடார்ல ஆறு கம்பி, இதுல நாலு. தடிமனான கம்பி. மேடையில ஓரமா, டிரம்ஸ் பக்கத்துல, யாரும் கவனிக்காத இடத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருப்பாரே, அவர் கையில இருக்கிறதுதான். கல்யாண ஆல்பத்துல கூட அவர் முகம் பாதி வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கனடா கெளம்பிப் போன நண்பன்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். வாங்கின கையோட புது ஸ்டிரிங் செட் போட்டேன். நெட்ல எல்லாரும் சொல்ற அதே செட். நிக்கல் பூசின ரவுண்ட்வவுண்ட், 45-105. அதாவது மெல்லிசான கம்பி அங்குலத்துல ஆயிரத்துல 45 பங்கு தடிமன், தடிச்சது 105 பங்கு. நம்ம கணக்குல 1.14 மில்லிமீட்டர்ல இருந்து 2.67 மில்லிமீட்டர் வரைக்கும். போட்ட முதல் நாள் சத்தம் இருக்கே, கணீர்னு பியானோ மாதிரி. தூங்கவே இல்லை அன்னைக்கு.

அஞ்சே வாரம். விரல் நுனியில பழுப்பா ஏதோ ஒட்டுது. என்னடான்னு பார்த்தா துரு! சத்தமும் செத்துப் போச்சு. கம்பியைத் தட்டினா அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி இருக்கு.

திருவான்மியூர்ல குடியிருக்கிறவங்களுக்கு இதுல ஆச்சரியம் எதுவும் இருக்காது. வால்மீகி நகர் பக்கம் ஒரு நடை போய் எந்த வீட்டு கேட்டை வேணா பாருங்க. போன தீபாவளிக்கு அடிச்ச பெயிண்ட் இந்தத் தீபாவளிக்குள்ள பொரிஞ்சு நிக்கும். ஏசி வெளிப்பெட்டி அரிச்சுப் போகுது, பைக் சைலன்சர் ஓட்டை விழுது. கடல் தர்ற காத்துக்கு வாடகையா இரும்பை எடுத்துக்குது. மருந்தீஸ்வரர் குடியிருக்கிற ஊர், ஆனா துருவுக்கு மட்டும் மருந்து இல்லை.

இதுல ரவுண்ட்வவுண்டுக்கு இன்னொரு கூடுதல் சிக்கல். பேஸ் கம்பிங்கிறது ஒத்தைக் கம்பி இல்லை. நடுவுல ஒரு எஃகுக் கம்பி, அதைச் சுத்தி இன்னொரு கம்பி. ஏன் சுத்தணும்? ஸ்ருதி கீழே போகணும்னா கம்பி கனமா இருக்கணும். ஒரே தடிமனான கம்பியா போட்டா அது கம்பியாவே இருக்காது, கடப்பாரையா விறைச்சுக்கும். கனமும் வேணும், வளையவும் வேணும். அதுக்குத்தான் இந்தச் சுத்து. சுத்துற கம்பி உருண்டையா இருந்தா ரவுண்ட்வவுண்ட். ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல குட்டிக் குட்டிப் பள்ளம் இருக்கும். நம்ம கை வியர்வை, தோல் அழுக்கு, கடல் உப்பு எல்லாம் அந்தப் பள்ளத்துல போய் உக்காந்துக்கும். கம்பி ஒரு இடத்துல கனமாவும் ஒரு இடத்துல லேசாவும் ஆயிடும். அப்புறம் பளபளப்பும் போகும், பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஸ்ருதியும் சேராது. நாம என்னமோ நம்ம காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவோம். ரெண்டு மாசம் நான் அப்படித்தான் நெனச்சேன். பேஸையே வித்துடலாம்னு விளம்பரம் கூட டைப் பண்ணி வெச்சிருந்தேன். இல்லைன்னா முப்பதாயிரம் போட்டு வேற நல்ல பேஸ் வாங்கிடலாமான்னு ஒரு யோசனை. இப்ப நெனச்சா சிரிப்பா வருது.

அதுக்கு நடுவுல ஒரு வைத்தியம் பண்ணினேன். பழைய ஸ்டிரிங்கைக் கழட்டி கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டா அழுக்கெல்லாம் விட்டு மறுபடியும் புதுசு மாதிரி ஆயிடும்னு உலகம் முழுக்க பேஸ் வாசிக்கிறவங்க சொல்ற டெக்னிக். அம்மா கோவிலுக்குப் போன நேரமாப் பார்த்து அடுப்புல ஏத்தினேன். தண்ணி டீ டிகாஷன் கலர்ல மாறிச்சு. சரியா அந்த நேரம் அம்மா உள்ளே வர்றாங்க.

"என்னடா அது, நூடுல்ஸா?"

"இல்லம்மா, கம்பி."

"கம்பியா? டேய், அது பால் காய்ச்சற பாத்திரம்டா!"

அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாட்டோட நிறைய அறிவுரையும் கிடைச்சது. பலன் என்னன்னு கேட்டா, ரெண்டு வாரம் ஜம்முனு சத்தம் வந்தது. அப்புறம் முன்னைவிட வேகமா துரு. சுத்துக்குள்ள போன தண்ணி முழுசா காயவே இல்லை போல. ஆக கொதிக்க வைக்கிறது வறண்ட ஊர்க்காரங்களுக்கான வைத்தியம்ங்கிறது என் கட்சி.

இப்படி இருக்கும்போதுதான் மாமா பொண்ணு ரிசப்ஷன். அடையாறு பக்கம் மண்டபம். வழக்கம் போல மெல்லிசைக் குழு. பேஸ் வாசிச்சவருக்கு அறுபது வயசு இருக்கும். வழுக்கை, பாக்கெட்ல கண்ணாடிக்கூடு. எழுபதுகள் பாட்டு ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. நான் பந்திக்குப் போகாம ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுட்டேன். எழுத்துல எப்படிச் சொல்றது? 'தும்'னு ஒரு சத்தம். ஓரம் தெரியாத, உருண்டையான சத்தம். டிரம்ஸோட கிக் எங்க முடியுது, பேஸ் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியலை. அவங்க சாப்பாட்டு இடைவேளையில மெதுவா பக்கத்துல போனேன்.

"சார், என்ன ஸ்டிரிங் போட்டிருக்கீங்க?"

"ஃப்ளாட்டு தம்பி. போட்டு நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா மாத்தவே இல்லையா?"

"எதுக்கு மாத்தணும்? இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கு."

சொல்லிட்டு பாயசம் எடுக்கப் போயிட்டார். நான் விடலை, பின்னாடியே போனேன். அந்தக் காலத்துல வெளிநாட்டு ஸ்டிரிங் இங்க லேசுல கிடைக்காதாம். சிங்கப்பூர்ல இருந்து யாராவது வந்தா சொல்லி அனுப்புவாங்களாம். அதனால ஒரு செட் போட்டா அது கூடவே வாழப் பழகிக்கிட்டாங்க. "அறுந்தா மாத்துவோம் தம்பி. பேஸ் கம்பி எங்க அறுக்குது?"ன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினா, அவர் சொன்னது ஒண்ணும் நம்ம ஊர் வறுமைக் கதை இல்லை. 1951-ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்ததுக்கு அப்புறம் முதல் பத்துப் பதினஞ்சு வருஷம் ஃப்ளாட்வவுண்ட்தான் பொதுவழக்கம். சுத்துற கம்பி உருண்டையா இல்லாம ரிப்பன் மாதிரி பட்டையா இருக்கும். மேலே தடவினா வழவழன்னு ஒரே கம்பி மாதிரி. மோடவுன் கம்பெனியோட பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்காரே, பேஸ் வாசிக்கிறவங்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அவர் போட்டது லா பெல்லா ஃப்ளாட். அதுவும் 52-110ன்னு முரட்டுத் தடிமன். அறுந்தாலொழிய மாத்த மாட்டார்னு அவர் கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. டெட்ராய்ட்ல அவர் செஞ்சதைத்தான் அடையாறு மண்டபத்துல பாயசம் குடிச்சவரும் செய்யறார்!

அப்போ ரவுண்ட்வவுண்ட் எப்படி வந்துச்சு? தி ஹூ குழுவோட ஜான் என்ட்விசில் பங்கு அதுல பெருசு. அவருக்கு பியானோ மாதிரி கணீர்னு வேணும். 1965-ல ஒரு பாட்டு ரெக்கார்டிங்குக்கு டேன்எலக்ட்ரோ பேஸ் வாங்கினார். அதோட கம்பி அறுந்தா தனியா கம்பி இங்கிலாந்துல கிடைக்கலை. கம்பிக்காக இன்னொரு பேஸே வாங்க வேண்டியதா போச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். இப்படி மூணு பேஸ். அப்புறம் ரோட்டோசவுண்ட் கம்பெனியோட உக்காந்து தனக்கு வேண்டிய மாதிரி ரவுண்ட்வவுண்டைச் செய்ய வெச்சார். எழுபதுகள்ல ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதே கம்பெனி ரவுண்ட் கம்பியை ஃப்ரெட் இல்லாத பேஸ்ல போட்டு, பலகையை அரிக்காம இருக்க எபாக்ஸி பூசி, பேஸை வீணை மாதிரி பாட வெச்சார். அதுக்கப்புறம் உலகம் அந்தப் பக்கம் சாய்ஞ்சுடுச்சு. புதுசா வாங்குற பேஸ்ல எல்லாம் ரவுண்ட்தான் மாட்டி வருது. கத்துக்குறவனும் அதுதான் பேஸ் சத்தம்னு நெனச்சுக்குறான்.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, அது அவங்க தேடின சத்தம். நாம எதைத் தேடறோம்?

நான் பேஸ் எடுத்ததுக்கு ஒரே காரணம் ராஜா. எங்கப்பா 'அன்னக்கிளி' வந்த 1976-ல பதினொரு வயசுப் பையன். இலங்கை வானொலி, டூ-இன்-ஒன், டேப் சிக்கினா பென்சில் விட்டுச் சுத்தறதுன்னு வளர்ந்த கேஸ். எங்க வீட்டுல ராஜா பாட்டு ஓடாத ஞாயித்துக்கிழமை கிடையாது. அந்தப் பாட்டுகள்ல பேஸை மட்டும் தனியாப் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்க மக்களே. 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்துல 'பனிவிழும் மலர்வனம்' எடுத்துக்குங்க. எஸ்.பி.பி. சலநாட்டையில பாடிக்கிட்டு இருப்பார், கீழே பேஸ் தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டு பாடிக்கிட்டு இருக்கும். பல வருஷம் ராஜாவுக்கு பேஸ் வாசிச்ச சசிதரன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? ரஹ்மான் மேடையில இத்தனை வருஷமா நிக்கிற கீத் பீட்டர்ஸ் பேரு? கோரஸ் பாடினவங்களைக் கூட ஞாபகம் வெச்சிருப்போம். சரி, அந்தப் பொலம்பல் இன்னொரு நாள்.

இதுல ஒரு வேடிக்கை. அப்பா கேட்ட அந்த டப்பா ஸ்பீக்கர்ல பேஸ் வந்திருக்கவே முடியாது. பேஸோட கீழ்க்கம்பி ஈ, வினாடிக்கு 41 அதிர்வு. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால அதைக் கொடுக்கவே முடியாது. ஆனா கம்பி 41-ல மட்டும் அதிரலை. 82, 123, 164ன்னு அதோட மடங்குகள்லயும் அதிருது. ஸ்பீக்கர் அந்த மேல் மடங்குகளை மட்டும் கொடுக்குது. இடைவெளி 41, 41-ஆ இருக்கிறதைப் பார்த்துட்டு மூளையே அடியில இல்லாத ஸ்ருதியை நிரப்பிக்குது. நாற்பது வருஷமா எங்கப்பா கேட்டது பாதி ராஜா, பாதி அவர் மூளை போட்ட பேஸ்!

நண்பன் ஒருத்தன் இதையே வெச்சு என்னை மடக்கினான். "மேல் மடங்கு ஜாஸ்தியா கொடுக்கிறது ரவுண்ட்வவுண்ட்தானே? போன்ல கேக்குற காலத்துல ஃப்ளாட் போட்டா பேஸே காணாம போயிடும்டா"ன்னான். பாயிண்ட் சரிதான், பாதி வரைக்கும். பட்டைச் சுத்துல உராய்வு ஜாஸ்தி, அதனால மேல் அதிர்வுகள் சீக்கிரம் அடங்கிடும். ஆனா அடங்குறது ஆயிரத்துக்கு மேல இருக்கிற அந்தக் கணகணப்பு. மூளை பேஸைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுறது நூறுல இருந்து நானூறு வரைக்கும் இருக்கிற முதல் சில மடங்குகள். அது ஃப்ளாட்ல தாராளமா இருக்கு. கணகணப்பு வேணும்னா கலாக்ஷேத்ரா மதில் ஓரமா காலையில ஒரு வாக்கிங் போங்க. தம்பூராவுல ஜீவாளி நூலைத் திருகித் திருகி அந்த மேல் அதிர்வுகளை எப்படிப் பூக்க வெக்கிறாங்கன்னு கேக்கலாம். தம்பூராவுக்கு அது உசுரு. பேஸ் அந்த இடத்துக்குப் போய் பாடகர் கூட போட்டி போட வேண்டாம்னு நான் நெனக்கிறேன். பாடகர், வயலின், கீபோர்டு எல்லாம் ஏற்கெனவே அங்க நெரிசல்ல நிக்கிறாங்க.

சரி, கதைக்கு வர்றேன். போன வருஷம் அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி. சாயந்திரம் ஆபீஸ் பசங்களோட சேர்ந்து நாலு ராஜா பாட்டு வாசிக்கிறதா ஒரு ரகசியத் திட்டம். பட்டியல்ல முதல் பாட்டு மேலே சொன்னதுதான். பேஸ்காரனை மன்னிக்கவே மாட்டேங்குற பாட்டு. ரவுண்ட் ஸ்டிரிங்கோட ரூம்ல பழகிக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை கை மேலே கீழே போகும்போதும் 'கீச்', 'கீச்'. ரகசியம் தெரியாத அப்பா எட்டிப் பார்த்து, "ஏன்டா, மாடிக் கதவுக்கு எண்ணெய் போடக் கூடாதா?"ன்னுட்டுப் போனார். அன்னைக்கு முடிவு பண்ணினேன், ஃப்ளாட்தான்னு.

கணக்குப் போட்டா பொறியாளன் மனசும் ஒத்துக்கிச்சு. நான் வாங்கினப்போ ரவுண்ட் செட் ரெண்டாயிரத்துச் சொச்சம், ஃப்ளாட் நாலாயிரத்துச் சொச்சம். ரவுண்டை இந்த ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தினா வருஷத்துக்குப் பன்னெண்டாயிரம். ஃப்ளாட் நாலு வருஷம் வந்தா மாசத்துக்கு நூறு ரூபா கூட இல்லை. பள்ளம் இல்லாததால அழுக்கு உக்கார இடம் கம்மி. எவர்சில்வர் பட்டைங்கிறதால துருவும் லேசுல பிடிக்காது. ஃப்ரெட்டையும் அரம் மாதிரி ராவாது. நடுவுல பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட எலிக்சிர் பத்தியும் யோசிச்சேன். கோர்டெக்ஸ் செய்யற அதே கம்பெனிக்காரங்க செய்யறது. உப்புக்காத்துக்கு நல்லாத் தாங்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனா விரல் படுற இடத்துல கோட்டிங் உரிஞ்சு நூல் நூலா வர ஆரம்பிச்சா மனசு கேக்காது. கருப்பு நைலான் சுத்தினதும் இருக்கு. அது எனக்கு ரொம்பவே மொத்து மொத்துன்னு இருந்தது.

ஃப்ளாட்லயும் எல்லாம் ஒண்ணு இல்லைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சது. பேஸ்ல கம்பியோட நீளம் 34 அங்குலம், அது மாறாது. ஸ்ருதியும் மாறாது. ஈ கம்பி மூணு கட்டைன்னா மூணு கட்டைதான். அப்போ இழுப்பைத் தீர்மானிக்கிறது கம்பியோட கனம் ஒண்ணுதான். பட்டைச் சுத்துல காத்து இடைவெளி கம்மி, அதனால அதே தடிமன்ல ஃப்ளாட் பெரும்பாலும் கூடுதல் கனம், கூடுதல் இழுப்பு. டடாரியோ குரோம்ஸ் அந்த ரகம், முறுக்கா இருக்கும். வியன்னாவுல செய்யற தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் அதுக்கு நேரெதிர், தொளதொளன்னு இருக்கும், விலையும் கண்ணைக் கட்டும். நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுப்பு எழுபது, எண்பது கிலோ. ஒரு ஆளு தொங்குற மாதிரி. புது செட் போட்டதும் என் நெக் வில்லு மாதிரி வளைஞ்சு கம்பி உயரமா நின்னுடுச்சு. உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடை ஆலன் கீ வெச்சு கால் சுத்து திருப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடியும் பார்த்துச் சரி பண்ணினேன். அவசரப்பட்டு முழுச் சுத்து திருப்பிடாதீங்க, மரம் மன்னிக்காது.

இன்னொரு கூத்து. கம்பி நீளமா இருக்குன்னு ஈ கம்பியை முதல்லயே கட்டிங் பிளேயர்ல நறுக்குன்னு வெட்டிட்டேன். வெட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல தொண்ணூறு டிகிரி மடிச்சுக்கணும், இல்லைன்னா உள்கம்பி மேல இருக்கிற சுத்து தளர்ந்துடும்னு அட்டையிலயே போட்டிருந்ததாம். அட்டையை யாரு படிக்கிறா? சுத்து நழுவி கம்பி செத்துப் போச்சு. ஒத்தைக் கம்பி நான் தேடின இடத்துல கிடைக்கலை. இன்னொரு முழு செட். ஆக என் மாசத்துக்கு நூறு ரூபா கணக்கு முதல் நாளே இருநூறு ஆயிடுச்சு.

"சத்தம் எல்லாம் விரல்ல இருக்குடா, கம்பியில என்ன இருக்கு?"ன்னு ஒரு கட்சி உண்டு. நல்ல வாசிப்பாளர் எந்தக் கம்பியிலயும் அவராத்தான் கேப்பார், ஒத்துக்கறேன். ஆனா என்னை மாதிரி சுமார் மூஞ்சிகளுக்கு கம்பி சொல்லிக் கொடுக்கும். ஃப்ளாட்ல கணகணப்பு இல்லாததால எப்ப நிறுத்துறோம்ங்கிறதுதான் கேக்கும். ரவுண்ட்ல என் தப்பெல்லாம் பளபளப்புல மறைஞ்சு கிடந்தது. கட்டை விரலால அடிச்சு வாசிக்கிற ஸ்லாப், மெட்டல் எல்லாம் வேணும்னா ரவுண்ட்தான் போடணும், அதுல சண்டை இல்லை. வாராவாரம் ராஜா, எம்.எஸ்.வி. பாட்டு வாசிக்கப் போற, கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கிற ஆளுக்கு, கடையில முதல்ல கையில எடுத்துக் கொடுக்க வேண்டியது ரவுண்ட் இல்லைங்கிறதுதான் என் சண்டை. நாம பார்க்குற வீடியோவுல பேசுறவர் குளிர் ஊர்ல ஏசி ரூம்ல உக்காந்து பேசுறார். அவர் வீட்டு கேட் பொரியறதில்லை.

சஷ்டியப்தபூர்த்தி அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணுமே. நாலு பாட்டும் வாசிச்சோம். ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் சறுக்கினேன், டிரம்ஸ் வாசிச்ச பையன் மட்டும் திரும்பிப் பார்த்தான். முடிஞ்சதும் அப்பா மாலையும் கழுத்துமா மேடைக்கு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பாடின பொண்ணைப் பாராட்டினார், கீபோர்டு பையன் கையைப் பிடிச்சுக்கிட்டார். கடைசியா என்கிட்ட வந்து காதுல சொன்னார்:

"பாட்டு அப்படியே ரேடியோவுல கேட்ட மாதிரி இருந்துச்சுடா. ஆனா நீ வாசிச்சது மட்டும் தனியா கேக்கவே இல்லை."

அடையாறு மண்டபத்துக்காரர் நம்பர் வாங்காம விட்டுட்டேன், அவர்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம்.

பி.கு: வாசிச்சு முடிச்சதும் அப்பாவோட பழைய வேட்டித்துணியால கம்பியைத் துடைச்சு, ஷூ டப்பாவுல வர்ற அந்தக் குட்டி சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டை பையில போட்டு மூடி வெக்கிறேன். பதினஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் துரு இல்லை. பால் பாத்திரம் அம்மா புதுசு வாங்கிட்டாங்க. பழசு இப்போ மொட்டை மாடியில காக்காவுக்குத் தண்ணி வெக்கப் பயன்படுது.